அஞ்சு கிலோ கௌரவம்

கேபிள் மெஷினில் ஒரு மனிதனின் மானம் ஓர் இரும்புப் பின்னில் இருக்கிறது. அடுக்கி வைத்த தகடுகளில் எந்தத் துளையில் அதைச் செருகுகிறோம் என்பது ஜிம்முக்கே தெரியும். பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தூக்கும் தம்பி, தோளுக்கு என்று வந்தால் இங்கே 5-இல்தான் செருகுவான். முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, அதை 50-க்கு மாற்றி வைத்துவிட்டுப் போவான். அடுத்து வருகிறவன் பயப்பட வேண்டுமாம்.

என்னை ஜிம் மாஸ்டர் இந்த மெஷினுக்கு அனுப்பக் காரணம் என் சட்டைகள். தோள் தையல் முழங்கையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. "சைடு டெல்டாய்டு வரணும் சார், சட்டை தானா நிக்கும்" என்றார்.

தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசைக்கு முன், பக்கம், பின் என்று மூன்று பகுதிகள். முன்பகுதிக்குக் கவலையில்லை, திங்கட்கிழமைதோறும் எல்லோரும் விழுந்து விழுந்து செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸிலேயே அதற்கும் பங்கு கிடைத்துவிடும். பின்பகுதி கண்ணாடியில் தெரியாது. அதனால் அப்படியொன்று இருப்பதையே பலர் ஒப்புக்கொள்வதில்லை.

பக்கப் பகுதிக்கு, கையைப் பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரெய்ஸ். டம்பெல்லில் செய்தால், கை தொங்கும்போது தசைக்கு அநேகமாக வேலையில்லை. தோள் மட்டத்துக்கு வரும்போதுதான் முழுச் சுமை. கீழே இறக்கியதும் மூச்சு வாங்கலாம், நேற்றைய மேட்ச் பற்றிக்கூடப் பேசலாம். கேபிளில் அந்தச் சலுகை கிடையாது. அடியிலிருக்கும் கப்பியிலிருந்து உடம்புக்குக் குறுக்கே வரும் கேபிள், கையை இறக்கினாலும் கந்துவட்டிக்காரர் மாதிரி இழுத்துக்கொண்டே நிற்கும்.

தோள் எரியத் தொடங்கியதும் கழுத்து உதவிக்கு வரும், இடுப்பு ஆடும். "டான்ஸ் வேணாம் சார், வெயிட்டைக் குறைங்க" என்பார் மாஸ்டர். குறைக்க 5-க்குக் கீழே துளையே இல்லை. போதாக்குறைக்கு, இப்படிக் கேபிள் கூடுதல் கப்பி சுற்றி வரும் பல மெஷின்களில் தகட்டில் எழுதியதில் பாதிதான் கைக்கு வருமாம். அதாவது இரண்டரை கிலோ. இந்த விஞ்ஞான உண்மையை அவர் ஜிம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் அம்மாவுக்கு விளக்கினேன். "காசு குடுத்தா கப்பி இழுக்கிறே?" என்றார். கிணற்றிலிருந்த கப்பியைக் கழற்றி மோட்டார் வைத்ததே நான்தான் என்பதால் பதில் சொல்லவில்லை.

பின்பகுதிக்கு ஃபேஸ் புல். கப்பியை முக உயரத்தில் வைத்து, ரோப்பை நெற்றியை நோக்கி இழுத்து, முழங்கைகளை அகல விரிக்க வேண்டும். தோள் மூட்டு, ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கும் பெரிய உருண்டை. உடம்பிலேயே அதிகம் அசைவது அதுதான். அதை இடம் பெயராமல் பிடித்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனும் நான்கு சிறு தசைகள். நம் கௌரவத்துக்காக எடையைக் கூட்டினால் அவை கோபித்துக்கொள்ளும்; சமாதானம் பேச எலும்பு டாக்டர் வர வேண்டியிருக்கும்.

ஆகவே, தோளுக்குச் சின்ன எடையே போதும். முழங்கையை லேசாக மடக்கி, தோள் உயரம்வரை மட்டும் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். செட்டுக்கு நடுவே ரீல்ஸ் பார்க்க மட்டும் மெஷின்மேல் சாயாதீர்கள். பின்னால் நான் காத்திருக்கிறேன்.