ஓடுகிற காருக்கு மார்க் குறைவு

பழைய கார் கண்காட்சிக்கான விண்ணப்பத்தில் முதல் பக்கம் சுலபம். தயாரிப்பு: ஸ்டாண்டர்டு. மாடல்: ஹெரால்டு. ஆண்டு: 1965. எஞ்சின்: 948 சிசி. வில்லங்கம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. 'தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபின் செய்யப்பட்ட மாற்றங்கள் இருப்பின் குறிப்பிடவும்' என்று போட்டு, கீழே ஒன்றரை வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் காருக்கு அது எந்த மூலைக்கு? ஒரு குயர் நோட்டு இணைத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் பாயிடம் யோசனை கேட்டேன். "மாத்தாததை எழுதச் சொல்லியிருந்தா ஒன்றரை வரி கரெக்டா இருந்திருக்கும் சார்" என்றார்.

ஹெரால்டைப் பார்த்திராத தலைமுறைக்கு ஒரு சிறு அறிமுகம். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961-இல் நம்ம பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக மறுபிறவி எடுத்தது. அதாவது அம்பாசடர் வங்காளம், ஃபியட் பம்பாய், ஹெரால்டு செங்கல்பட்டு மாவட்டம். மண்ணின் மைந்தன் என்று எந்தக் காரையாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

அதன் உடம்பு ஒரே வார்ப்பு கிடையாது. இங்கிலாந்துக் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனித்தனித் துண்டுகளாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முறுக்கினார்கள். அதனால் ஒரு வசதி. மட்கார்டு, ஹெட்லைட் உட்பட முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். முன் டயர்மேல் சாவகாசமாக உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பிளக் மாற்றலாம். பாய் அப்படித்தான் மாற்றுவார். இன்னொரு வசதி, 25 அடி அகலம் கிடைத்தால் வண்டி வட்டமடித்துவிடும். ஆட்டோக்காரர்களே ஒதுங்கி வழிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அசௌகரியம் என்றால் கதவு இரண்டே இரண்டு. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்க வேண்டும். எங்கள் பாட்டியை உள்ளே ஏற்றுவது ஒரு வேலை, வெளியே எடுப்பது இரண்டு வேலை. எல்லா வீட்டுப் பாட்டிகளும் முறையிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. 1960-களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில்கூடக் கிடையாது, நமக்கென்றே செய்தது. அப்பா அதற்கு முன்பே வாங்கித் தொலைத்திருந்தார்.

1980-களின் முடிவில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். உதிரிபாகத்துக்குப் போக இடமில்லை. அன்றிலிருந்து அப்பாவும் பாயும் சேர்ந்து இந்தக் காரைக் காப்பாற்றிய கதை தனிப் புராணம். ஹாரன் அம்பாசடருடையது. வைப்பர் கை ஃபியட்டினுடையது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒரு வேனிலிருந்து வந்தது. பெட்ரோல் டேங்க் மூடி எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, அதைப் பற்றிப் பேசும்போது பாய் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்பாவுக்கு ஒரே கொள்கை, வண்டி ஓடணும். ஓடியது. அக்கா கல்யாணத்துக்கு ஓடியது, திருப்பதி மலை ஏறியது, 'இதெல்லாம் ஒரு காரா' என்று கேட்ட பெரியப்பாவையே நடுராத்திரி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது.

அப்பா காலத்துக்குப் பிறகு ஓட்டம் குறைந்துவிட்டது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது, படித்திருப்பீர்கள். முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டி, அசல் வடிவம் கெடாமல் இருக்கிற வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி. எங்கள் கார் எந்தப் பதிவும் செய்யாமலே இந்த விதியை வரி பிசகாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறது. பெட்ரோல் போடப் போகும், பழுது பார்க்கப் போகும், பாய் பட்டறையில் நடப்பதை ஆராய்ச்சி என்றுதான் சொல்லவேண்டும். கண்காட்சி ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் ஹெரால்டு என்றதும் எழுந்து நின்றார். மரியாதை என்று நினைத்தேன். கடையை மூடும் நேரமாம். ஜி.பி. ரோட்டில் ஒருவர், "ஹெரால்டு பாகமா? உங்க கிட்ட ஏதாவது இருந்தா நான் வாங்கிக்கிறேன் சார்" என்றார். கடைசியில் ரப்பர் பீடிங்கும் மெருகு பசையும்தான் கிடைத்தன. மீதியை மஞ்சள் துணியும் தோள்பட்டையும் பார்த்துக்கொண்டன. நான் காரைத் துடைப்பதை ஜன்னலிலிருந்து பார்த்த என் மனைவி, "ஏங்க, இந்த வீட்ல சீலிங் ஃபேன்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? அதுவும் பழசுதான்" என்றாள்.

கண்காட்சி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் புல்வெளியில். புல்லில் எண்ணெய் சொட்டக் கூடாது, காருக்கு அடியில் தட்டு வைக்கவேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் அந்த அளவில் இருந்தது முறுக்கு பிழிந்து வைக்கும் தட்டு ஒன்றுதான். "தட்டு திரும்பி வரணும். கார் அப்புறம்" என்று சொல்லி என் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். சோக்கை இழுத்ததும் மறு பேச்சில்லாமல் எஞ்சின் எழுந்தது. திருவான்மியூர் சிக்னலில் பக்கத்து பைக்காரர், "சார், குடுக்குற ஐடியா இருக்கா?" என்றார். அதற்குள் இந்தப் பக்கத்து ஆட்டோக்காரர், "மைலேஜ் என்னா தருது சார்?" உலகத்தில் எந்த வண்டியைக் காட்டினாலும் தமிழன் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பிற்பாடு திடலில் ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ்காரரிடமே இதைக் கேட்டதை என் காதால் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு ஒரு பக்கம் ஆஸ்டின் செவன், மறு பக்கம் கடல் மாதிரி ஒரு பிளைமவுத். பிளைமவுத் லாரியில் வந்து இறங்கியது. நாலு பேர் துண்டு போட்டுத் தாங்கி, மெல்லத் தள்ளி நிறுத்தினார்கள். "ஸ்டார்ட் ஆகாதா?" என்று பாய் அனுதாபத்தோடு விசாரித்தார். ஆகுமாம், ஆனால் ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் கறுத்துவிடுமாம். பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆஸ்டினைப் பார்த்தேன்.

உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவாவின் கணக்கில் 1961 முதல் 1970 வரை வந்த வண்டிகள் 'எஃப்' வகுப்பு. பள்ளிக்கூடத்திலும் நான் எஃப் செக்‌ஷன்தான். அதனால் நடுவர்கள் டார்ச்சும் அட்டையுமாக வந்தபோது பழைய பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பெரிய நடுவர் ஹாரனை அமுக்கினார். ஒரு முறைதான். "அம்பாசடர்" என்றார். அட்டையில் ஒரு கோடு. டயரைப் பார்த்தார், ரேடியல். அந்தக் காலத்தில் நம்மூரில் ஏது ரேடியல், இன்னொரு கோடு. பானட்டைக் கவிழ்த்ததும் பெட்ரோல் குழாயைத் தொட்டு, "இது புதுசாச்சே" என்றார். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும், அதனால் தீப்பிடிக்காமலிருக்க மாற்றினோம் என்றேன். "புரியுது சார், நல்ல காரியம் பண்ணீங்க" என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டார்.

பிறகு வயரிங். ஆங்கிலேயக் கார்களில் லூகாஸ் முறைப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ண வயர். பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, எர்த் கறுப்பு, இக்னிஷன் வெள்ளை, பக்க விளக்குக்குச் சிவப்பு. எங்கள் காரில் ஆதியோடந்தம் எல்லாம் சிவப்பு. வயர் மாற்றிய அன்றைக்கு எலக்ட்ரீஷியன் கையில் அந்தச் சுருள்தான் இருந்தது. நடுவர் நிமிர்ந்து, "லூகாஸ் கணக்குப்படி பார்த்தா உங்க வண்டியில மொத்தம் பக்க விளக்கு மட்டும்தான் இருக்கு" என்றார். அவர் கைவசம் நகைச்சுவை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மார்க்கில் அது தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மானம் நின்றது. சின்ன நடுவர் முன் சக்கரம் திரும்புகிற மூட்டின் பக்கம் குனிந்து, "ட்ரன்னியனுக்கு கிரீஸா, ஆயிலா?" என்றார். நான் வாய் திறக்குமுன் பாய் முன்னால் வந்தார். "கியர் ஆயில் சார். இதுல கிரீஸ் வச்சா ட்ரன்னியன் காய்ஞ்சு, ஒரு நாள் திருப்பத்துல சக்கரம் தனியாப் போயிடும். எங்க உஸ்தாது காலத்துலேர்ந்து ஆயில்தான்." இரண்டு நடுவர்களும் தலையை ஆட்டினார்கள். அந்தக் கட்டத்தில் முழு மார்க். பாய் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பாஸ் செய்ததுபோல் எனக்கும் குளிர்ந்தது.

கடைசியாகப் பானட்டை மூடிப் பார்த்தார்கள். இடப்பக்கம் பானட்டுக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழைந்தது. வலப்பக்கம் காகிதம்கூட நுழையவில்லை. நீளமான கோடு ஒன்று போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அவர்கள் போனதும் கூட்டம் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேரின் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஹெரால்டு இருந்திருக்கிறது. எல்லா மாமாக்களும் அதை அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள். ஒரு அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டு ஏறினார். இறக்க இருவர் தேவைப்பட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் காரைச் சுற்றி வந்தார். மாமா கதை சொல்லவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. பானட் இடுக்கில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அரை இன்ச் ஸ்பேனர் இருக்கா?" என்றார். மில்லிமீட்டரில் கேட்காமல் இன்ச்சில் கேட்டதுமே பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருங்களத்தூரில் அசெம்ப்ளியில் வேலை பார்த்தவராம். முன்னால் கீல் போல்ட்டைத் தளர்த்தினார். பானட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, மாவு பதம் பார்ப்பவர்போல ஒரு அழுத்து அழுத்தினார். மறுபடி முறுக்கினார். பக்கத்துக் கொக்கிகளைக் கொஞ்சம் திருகினார். மூடினால் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி, ஒரே சத்தம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கார் எங்களுக்குப் போட்டுக் காட்டியதே இல்லை.

பாய் பெரிய நடுவரைக் கையோடு அழைத்து வந்தார். அவர் விரலை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. "பிரமாதம். ஆனா ஷீட்டைக் குடுத்தாச்சே" என்றார். பெரியவரிடம் பெயர் கேட்பதற்குள் சாப்பாட்டுக் கூப்பன் வரிசையில் கலந்துவிட்டார்.

பரிசு பிளைமவுத்துக்கு. மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி நாலு பேர், நாலு துண்டு. பாதி வழியில் புல்லில் சக்கரம் அழுந்தி நின்றுவிட்டது. பாய்தான் போய்த் தோள் கொடுத்தார். எங்களுக்கு நூற்றுக்கு 41 மார்க்கும், ஒரு தொப்பியும், பங்கேற்புச் சான்றிதழும் கிடைத்தன. சான்றிதழில் காரின் பெயரைச் சரியாகவும் என் பெயரைத் தப்பாகவும் அச்சிட்டிருந்தார்கள்.

மார்க் ஷீட்டை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஹாரன், வைப்பர், வயர், குழாய், டயர் என்று எதெல்லாம் அந்தக் காரை இத்தனை காலம் ஓட வைத்ததோ, அதற்கெல்லாம் கோடு. நடுவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை, அதை நேர்மையாகவே செய்தார்கள். 'வண்டி எப்படி இங்கே வந்து சேர்ந்தது?' என்று அந்த அட்டையில் ஒரு கட்டம் சேர்த்து அதற்குப் பத்து மார்க் ஒதுக்கினால் போதும், வரிசை தலைகீழாகிவிடும்.

முறுக்குத் தட்டும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. அதில் ஒரு சொட்டுகூட இல்லை. எண்ணெய் முழுக்கத் தட்டுக்கு அரை அடி தள்ளிப் புல்லில் சொட்டியிருந்தது. விடுதிக்காரர்கள் இதைப் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த வருஷத்துக்குப் பாய் இப்போதே பட்டியல் போட்டுவிட்டார். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாமாவோ சித்தப்பாவோ ஹெரால்டு வைத்திருந்தவர் என்றால், பரண்மேல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஹாரன், வைப்பர் கை, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, முக்கியமாகப் பெட்ரோல் டேங்க் மூடி, எது கிடைத்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இனாமாகக் கேட்கவில்லை. பேரம் பேசாமல் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.