கால்வாய் வெட்டிய சபை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. என் அவ்வா (பாட்டி) தெலுங்கில் ஜெபிப்பார், எங்களைத் தமிழில் திட்டுவார். எல்லையோரத்தில் அப்படித்தான். சபையின் வேரும் வடக்கேதான் இருக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி சாமுவேல் டே 1840-ல் நெல்லூரில் தங்கி ஊழியம் தொடங்கினார். பல ஆண்டுகள் பலனே இல்லை. மூடிவிடலாமா என்று மிஷன் தலைமை திரும்பத் திரும்ப யோசித்தது.

1866-ல் ஜான் கிளவ் ஒங்கோலுக்குப் போனார். தோல் வேலை செய்யும் மாதிகர்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மேல்சாதியார் தடுத்தார்கள். கிளவ் மாதிகர் பக்கமே நின்றார். சபை பிறந்தது அன்றுதான் என்பேன்.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளவ் எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு மண்வேலை கொடுத்தார். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, பஞ்சம் நீடித்த மாதங்களில் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார். அதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! 1878 ஜூலை 3 அன்று குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் மூழ்கி எழுந்தார்கள். தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் உள்ளூர் ஊழியர்கள். இரண்டிரண்டு பேராக முறைபோட்டு இறங்கினார்கள். அவ்வாவின் பாட்டனார் அந்தக் கால்வாயில் மண்கூடை சுமந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அதே கால்வாய்தான் எங்களுக்குக் கிழக்கே, பழவேற்காடு வழியாகச் சென்னைக்குப் போகிறது. சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் அதில் வரிசையாகப் போகும்.

என் சின்ன வயதில் ஞானஸ்நானம் ஏரியில்தான். போதகர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். கரையில் அத்தைமார் உலர்ந்த சேலையை விரித்துத் திரைபோல் பிடித்திருப்பார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவரின் தலையைத் துவட்ட நாலு கை நீளும். இன்று பிரசங்க மேடைக்குக் கீழே டைல்ஸ் பதித்த தொட்டி இருக்கிறது. பலகையைத் தூக்கினால் படிக்கட்டு. போர் தண்ணீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிறோம்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. இரும்பு உருக்கும் ஆலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்து, கரி படிந்த விரல்களோடு, எங்கள் ஆராதனைக்குச் சிலர் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்பார்கள். பாட்டு மொழி புரியாது, ராகம் தெரியும்; வாயசைப்பார்கள். அவர்களில் பாப்டிஸ்ட் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒடிசாவின் கட்டாக்கில் பாப்டிஸ்ட் மிஷன் தொடங்கியது 1822-ல், நெல்லூருக்கும் முன்பே. சபை வயதில் அவர்கள் எங்களுக்கு அண்ணன் முறை.

இவர்களைச் சபை உறுப்பினர்களாகச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது, “மெம்பராக்கினால் நாளைக்கு ஓட்டு கேட்பாங்க” என்றார் கமிட்டியில் ஒருவர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூலிக்கு மண் சுமந்தவர்கள் பெற்ற சபை இது. கூலிக்கு இரும்பு சுமக்கிறவனை வாசலோடு நிறுத்த எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அடுத்த சபைக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கேட்கப் போகிறேன்: ஞாயிறு மாலை ஒடியா ஆராதனைக்கு ஆலயத்தைத் திறந்துவிடுங்கள், கரண்ட் பில்லை நாங்கள் சில குடும்பங்கள் பகிர்ந்துகொள்கிறோம், வருகிறவர்களின் பெயரை உறுப்பினர் பதிவேட்டில் எழுதுங்கள், ஓட்டுரிமையோடு.