தள்ளு தம்பி, நான் பாக்கறேன்

ஒவ்வொரு ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். யாருடைய கம்ப்யூட்டரிலாவது அந்த நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தால் போதும், அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். நாலு மேசை தள்ளி இருந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார். "இன்னா ஆச்சு? தள்ளு தம்பி, நான் பாக்கறேன்." இது உதவிக்கு வந்தவர் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் எழுந்தாக வேண்டும். வந்தவர் உட்காராமல் வைத்தியம் தொடங்காது.

அவர் பதவி எதுவாகவும் இருக்கலாம். கணக்கர், கண்காணிப்பாளர், பள்ளி அலுவலக உதவியாளர், சிட்பண்ட்ஸ் கம்பெனி கேஷியர். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் வேலை; அல்லது அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் பராமரிப்பு அவர் வேலைப் பட்டியலில் எங்கேயும் இல்லை. அதைப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஆள் தனியே ஒருவர் உண்டு. அவர் சென்னையில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை. ஆகவே இவர்.

உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கீபோர்டைக் கவிழ்த்து இரண்டு தட்டு. முறுக்குத் துகள் விழும். "பாத்தியா?" என்று ஒரு பார்வை. அந்தத் துகளுக்கும் திறக்காத எக்செல் கோப்புக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் துகள் விழுந்துவிட்டதே, யார் வாதாட முடியும்?

அடுத்துதான் மூலமந்திரம். திரையில் காலியான இடமாகத் தேடி மௌஸின் வலது பக்கத்தை அழுத்துவார். பட்டியல் விரியும். அதில் ரிஃப்ரெஷ். ஐகான்கள் எல்லாம் ஒரு தரம் கண்சிமிட்டும். கையை எடுத்துவிட்டுச் சற்றுக் காத்திருப்பார். மறுபடி வலது பக்கம், மறுபடி ரிஃப்ரெஷ். சாதாரண நோய்க்கு ஐந்து. பெரிய கோப்பு என்றால் ஏழெட்டு. சம்பளப் பட்டியல் போடும் நாளில் கணக்கே கிடையாது. நோய் இல்லாதபோதும் உண்டு: காலையில் வந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சுற்று, டீ வந்ததும் ஒரு சுற்று, சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே ஒரு சுற்று. பக்கத்து மேசை மேடம் சாப்பிடப் போயிருந்தால் அவர் கம்ப்யூட்டருக்கும் தர்மத்துக்கு இரண்டு போட்டுவிட்டு வருவார்.

எஃப்5 விசையைத் தட்டினாலும் இதே வேலை நடக்கும் என்று ஒரு புதுப் பையன் சொல்லிப் பார்த்தான். "அது மேலாக்கப் போற ரிஃப்ரெஷ் தம்பி. மௌஸ்ல பண்ணாத்தான் உள்ள எறங்கும்" என்றார்.

எதுவும் உள்ளே இறங்குவதில்லை என்பதுதான் உண்மை. அந்தக் கட்டளை, திரையில் இருக்கும் ஐகான்களின் பட்டியலை மறுபடி படித்து மறுபடி வரைகிறது; அவ்வளவுதான். மெமரியில் ஒரு துளியைக்கூட அது காலி செய்வதில்லை. பிராசஸருக்கு ஓய்வு தருவதில்லை, வைரஸை விரட்டுவதில்லை. இதையும் அந்தப் பையன் சொன்னான். "அப்ப இன்னாத்துக்கு மைக்ரோசாஃப்ட்காரன் அத வெச்சிருக்கான்?" என்று கேட்டார். பையன் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நம்பிக்கை இத்தனை கெட்டியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எட்டு ரிஃப்ரெஷ், இடையிடையே காத்திருப்பு, நடுவே ஒரு பெருமூச்சு என்று ஒரு நிமிடம் போய்விடுகிறது. திணறிக்கொண்டிருந்த கோப்பு அந்த ஒரு நிமிடத்தில் தானாகவே திறந்துகொள்கிறது. பேர் ரிஃப்ரெஷுக்கு. திறக்காவிட்டால் குற்றம் 'செர்வருக்கு'. தோற்க வழியே இல்லாத வைத்தியம்.

அவரைக் குறைசொல்லியும் பயனில்லை. தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல். அந்தக் காலத்தில் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் படித்த தலைமுறை அவருடையது. பிறகு விண்டோஸ் 95 வந்தது, 98 வந்தது. மெமரி போதாமல் ஐகான்கள் சில நேரம் கறுத்துப்போய் நிற்கும். ரிஃப்ரெஷ் போட்டால் முகம் தெளியும். அன்றைக்கு அது மருந்துதான். மருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

மற்ற வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெம்ப் கோப்புகளை அழிப்பார். அதில் இடமாவது மிஞ்சும். கூடவே ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டரையும் காலி செய்வார். அது 2001-இல் எக்ஸ்பி வந்ததிலிருந்து, அடிக்கடி திறக்கும் புரோகிராம்கள் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்த முறை இன்னும் தாமதம். தாமதமானால் மறுபடி அவரைக் கூப்பிடுவார்கள்.

மாலையில் ஷட்டவுன் செய்து காலையில் போட்டால் கம்ப்யூட்டர் புதிதாகத் தொடங்குகிறது என்பதும் அவர் சித்தாந்தம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, காலையில் அதே நிலையில் எழுந்துகொள்ளும். தினமும் அணைக்கும் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'அப்டைம்' என்ற வரியைப் பார்த்தால், அது வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதாகக் காட்டும். உண்மையாகவே புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். அதை மட்டும் அவர் செய்யமாட்டார். "அது லோடு ஏத்தும்."

இன்டர்நெட் இழுத்தால் அவர் இன்னும் ஆபத்தானவர். உடனே செல்போனில் ஸ்பீடு டெஸ்ட். ஒரு லைனில் எத்தனை வேகம் கிடைக்கும் என்று அளக்க வேண்டுமானால் அந்தச் சோதனை லைன் முழுவதையும் சில நொடிகளுக்குத் தனக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது பதினைந்து பேர் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், மிச்சம் இருந்ததையும் அவர் உறிஞ்சிவிட்டு, "பாரு, எண்பது காட்டுது, லைன்ல கோளாறே இல்ல" என்பார். முடிந்ததும் இன்னொரு தரம், உறுதிக்கு. நூறு எம்பிபிஎஸ் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுதான் டவுன்லோடு ஆகிறது, ஏமாற்றுகிறான் என்று கம்பெனிக்காரனுக்குத் திட்டும் விழும். எம்பிபிஎஸ் பிட் கணக்கு, டவுன்லோடு காட்டுவது பைட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. திட்டு வாங்குபவருக்கும் அது தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் அவர் சரியாகச் சொன்னார். "பொங்கலுக்கு முந்தின நாள் விக்கிரவாண்டி டோல்கேட் பாத்திருக்கியா? உன் கார் புதுசுதான். போவ முடியுமா?" உண்மை. கோளாறு நம் மேசையில் இல்லாத நாளும் உண்டு. 2018 பிப்ரவரியிலிருந்து பத்திரப்பதிவு மாநிலம் முழுக்க இணையவழிதான். சுபமுகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமான 100 டோக்கனை 150 ஆக்குகிறார்கள். அன்றைக்குத் தமிழ்நாடே ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நிற்கும். வட்டம் சுற்றத்தான் செய்யும். அதற்கு ரிஃப்ரெஷ் போட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் நம் கட்சி.

அவரை ஒரேயடியாக வெறுக்கவும் முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. முந்தின நாள் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடியபோது, தரையில் கிடந்த சிபியூக்களையும் யூபிஎஸ் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் வைத்து, தார்ப்பாயால் மூடிவிட்டுப் போனவர் அவர்தான். ஒயர் எது எங்கே சேரும் என்று பேப்பர் துண்டில் எழுதி ஒட்டியும் இருந்தார். அந்தக் கம்ப்யூட்டர்கள் பிழைத்தன. பிழைத்ததும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரிஃப்ரெஷ் போட்டார். அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆக, நம் கோபம் அவர்மேல் அல்ல, மேலிடத்தின்மேல். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது பத்து வருடத்து ஹார்டு டிஸ்க், 4 ஜிபி மெமரி. இதில் விண்டோஸ், ஆன்டிவைரஸ், குரோமில் இருபது டேப், ஒரு எக்செல். சுழலும் தகட்டில் ஊசியால் தேடும் அந்த டிஸ்க், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் துணுக்குகளை நொடிக்கு நூறு தடவை தேடி எடுத்தால் அதிகம். எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் எடுக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியும்விட்டது. இதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது என்றில்லை. வாசலுக்கு டைல்ஸ் போட்டார்கள், ஜன்னலுக்குப் புதுத் திரை வந்தது, கம்ப்யூட்டருக்கு மட்டும் "நம்ம சார் பாத்துக்குவார்" என்று அவரை நியமித்துவிட்டார்கள். செஞ்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவிடம் கவுன்டரில் "சிஸ்டம் ஸ்லோம்மா, மத்தியானம் வாங்க" என்று சொல்வது இதனால்தான். அந்த அம்மாவுக்கு எந்த ரிஃப்ரெஷும் கிடையாது.

எனவே அடுத்த முறை அவர் வரும்போது எழுந்துவிடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள்; டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று விடாமல் நின்றால், அந்தத் திரையைப் போட்டோ எடுத்து, எஸ்எஸ்டியும் கூடுதல் மெமரியும் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கீழே அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் நம்புவார்கள்.