மலைமேல் கம்பி: மதுரை வட்டாரக் குன்றுகளின் செயற்கைச் சேர்மானங்கள் குறித்த கருத்து வேறுபாடுகள் – ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

மதுரை சமவெளி ஊர்தான். ஆனாலும் எந்தத் திசையில் சைக்கிளை மிதித்தாலும் கொஞ்ச தூரத்தில் ஏதாவதொரு பாறை வந்து வழிமறிக்கும். வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, அந்தப் பக்கமே கீழக்குயில்குடி சமணர்மலை, வடக்கே அழகர்மலை. மேலூர்ப் பக்கம் போனால் அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி. இக்குன்றுகளில் ஏறும் பாதைகளில் மனிதன் கொண்டுபோய் வைத்தவை எவை, வைத்தது சரிதானா, யாரைக் கேட்டு வைத்தார்கள் ஆகிய மூன்று வினாக்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தவறாமல் எழுகின்றன. சண்டை முற்றும்போது டீ வந்துவிடுவதால் முடிவு எட்டப்படுவதில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தரவுகள் மலையடி டீக்கடைகளில் திரட்டப்பட்டன. டீக்கும் வடைக்கும் ஆன செலவை எந்த நல்கைக் குழுவும் இதுவரை ஏற்க முன்வரவில்லை.

சேர்மானம் என்று இங்கே கொள்ளப்படுபவை: பாறையில் வெட்டிய படி, சிமென்ட் பூசிய படி, இரும்புக் கைப்பிடிக் கம்பி, வெள்ளைப் பெயின்ட் அம்புக்குறி, 'உபயம்' பொறித்த கல் பெஞ்சு, சைக்கிளைத் தாவவிடுவதற்காகப் பையன்கள் மண்ணும் கல்லும் குவித்துப் பலகை சாய்த்து வைத்த மேடு. குப்பைத்தொட்டி ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தன்னைச் சுற்றிக் கிடக்கும் குப்பைக்கு நடுவே அது மட்டும் காலியாக நிற்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

கட்சிகள்

முதல் கட்சி பாறைக் கட்சி. "மலைன்னா மலையா இருக்கணும்ங்க" என்பது இவர்களின் கொள்கை விளக்கம். கொள்கையும் அதோடு முடிகிறது. கம்பியைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது. அம்புக்குறியைக் கண்டால் அதைவிட ஆகாது. மலையேறுவதற்கென்றே வடிவமைத்த, அடியில் பல் பல்லாக ரப்பர் வைத்த, முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன மெத்தை உள்ளே பொருத்திய காலணியோடு வந்து, இயற்கையை இயற்கையாக விடச் சொல்வார்கள்.

எதிரே நிற்பது படிக் கட்சி. இவர்களின் வாதம் எளியது, பதில் சொல்ல முடியாதது: "எங்க அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. அவங்க சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்தப் பாக்க வேணாமா?" பாறைக் கட்சிக்கும் அம்மா உண்டு. எனவே இந்த இடத்தில் சிறிது மௌனம் நிலவும். பிறகு யாராவது, "அந்தக் காலத்துல படி இல்லாமத்தானே ஏறுனாங்க" என்பார். அந்தக் காலத்தில் ஏறியவர்களுக்கு எழுபத்திரண்டு வயதா என்று திருப்பிக் கேட்கப்படும். டீ வந்துவிடும்.

இரு தரப்பையும் நெடுநேரம் கவனித்ததில் ஒரு விதி புலனாகிறது. இதற்கு 'முழங்கால் விதி' என்று பெயரிடலாம். ஒருவர் எந்த உயரம் வரை படி இருப்பதை ஒப்புக்கொள்கிறாரோ, அந்த உயரத்துக்குச் சற்று மேலேதான் அவருடைய அன்றைய மலையேற்றம் முடிவடைகிறது. அவர் கால் பட்ட படிகள் மரபு. அதற்கு மேல் வெட்டியவை சீர்கேடு. முழங்கால் தேயத் தேய மரபின் எல்லை மேலே நகர்கிறது. கொள்கையை மாற்றிக்கொண்டதாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

படி நல்ல படியா என்பது தனிக் கிளை. 1675-இல் பிரான்சுவா ப்ளாண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஒரு கணக்குச் சொன்னார்: படி உயரத்தை இரட்டித்து அதோடு மிதியகலத்தைக் கூட்டினால் ஒருவர் இயல்பாக வைக்கும் எட்டு வர வேண்டும், இன்றைய அளவில் அது சுமார் 65 சென்டிமீட்டர். உலகத்து மாடிப்படிகள் பலவும் இன்றுவரை இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. நம் பாறைப் படிகள் கட்டுப்படவில்லை. கல் எங்கே இளகிக் கொடுத்ததோ அங்கே வெட்டியிருக்கிறார்கள். ஒரு படி பூனைக்கு, அடுத்தது யானைக்கு. ஆகவே "படி இருந்தால் மலை மலையாக இருக்காது" என்ற அச்சத்துக்குக் குறைந்தபட்சம் இப்படிகள் காரணமாக முடியாது.

கம்பி பற்றிச் சில சொற்கள். சமணர்மலையில் படியை ஒட்டிச் செல்லும் கம்பி, பிடிமானம் தேவைப்படுவோருக்காக நடப்பட்டது. பங்குனி, சித்திரையில் பகல் பதினொரு மணிக்கு மேல் அதைத் தொட்டால் உள்ளங்கை சிவந்துவிடும். காலை ஆறு மணிக்குக் குளிர்ந்திருக்கும். அந்நேரத்தில் வருபவர்களோ கம்பி தேவைப்படாத இளவட்டங்கள். தேவையும் வசதியும் ஒரே கம்பியில் இருந்தும் சந்திக்காதது ஆய்வாளர்கள் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது சைக்கிள் கட்சி. இது பிறந்த அன்றே இரண்டாக உடைந்தது. கியர் சைக்கிளில் அடிவார மண்பாதைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஓட்டுகிறவர்கள் இவர்கள். ஒரு பிரிவு, கிடக்கிற கல்லின் மேல் கிடக்கிறபடியே ஓட்டுவதுதான் ஓட்டம் என்கிறது. மற்றது, தாவுவதற்கு ஒரு மேடுகூட இல்லாவிட்டால் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளை எதற்காக அப்பாவிடம் அழுது வாங்கினோம் என்று கேட்கிறது. இரண்டாம் பிரிவு சனிக்கிழமை மாலை மேடு கட்டும். ஞாயிறு காலையில் மேடு இருக்காது. பாறைக் கட்சி கலைத்ததா, சைக்கிள் கட்சியின் முதல் பிரிவு கலைத்ததா என்று ஐயுற்றுத் துப்பறிந்தபோது, பலகையை ஓர் ஆட்டுக் கிடையின் படலில் காண நேர்ந்தது.

இந்தப் பிளவு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் வான்கூவருக்கு வடக்கேயுள்ள மலைச்சரிவுகளில் 1980-களிலும் 90-களிலும் சைக்கிள்காரர்கள் காட்டுக்குள் ஏணியைப் படுக்கவைத்தது போன்ற மரப்பாலங்களைக் கட்டினார்கள். ஒரு சாண் அகலத்தில் ஆள் உயரத்துக்கு மேலே செல்லும் பாலமும் உண்டு. நிலத்தின் உரிமையாளர்களுக்கு விழுந்தவர் வழக்குப் போடுவாரோ என்ற கவலை. சில கட்டுமானங்கள் பிடுங்கப்பட்டன. 1997-இல் சைக்கிள்காரர்கள் சங்கம் வைத்து, பாதையைப் பராமரிக்கிற பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். நம் பையன்கள் இன்னும் சங்கம் வைக்கவில்லை. மதுரையில் சங்கம் வைப்பதென்றால் லேசான காரியமா? பழைய கணக்கே மூன்று இருக்கிறது.

இவர்கள் யாரையும் விட அப்பாதைகளில் அதிகம் நடக்கிறவர் ஆடு மேய்க்கும் ஓர் அப்பத்தா. அவரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது.

"படி போட்டது நல்லதா கெட்டதா அப்பத்தா?"

"போட்டா போடட்டும்ப்பா. ஆடு என்ன படியிலயா ஏறப்போகுது? நீங்கள்லாம் படியில போனா எனக்குச் சந்தோசம்தான். ஆட்டு வழி காலியா இருக்கும்."

இக்கருத்து எந்தக் கட்சியிலும் அடங்காததால் தனியே பதிவு செய்யப்படுகிறது.

தொல்சான்றுகள்

பாறைக் கட்சியின் அடிப்படை நம்பிக்கை, முன்னொரு காலத்தில் இக்குன்றுகள் கைபடாமல் இருந்தன என்பது. அது எந்தக் காலம் என்று தேடிப் போனால் ஆய்வு சங்கடத்தில் முடிகிறது.

மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்து மலைக்குகைகளில் வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சீவல் கவனித்துச் சொன்ன இடம். அங்குள்ள தமிழி எழுத்துகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நெடுஞ்செழியனின் அலுவலரான கடலன் வழுதி, நந்தி என்ற துறவிக்காக இதை வெட்டுவித்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. இத்தகைய படுக்கைகள் பலவற்றில் தலைமாட்டைச் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். உலகத்தையே வேண்டாமென்று உதறிவிட்டு வந்தவருக்குக் கல்லில் தலையணை! குகை வாயிலுக்கு மேலே மழைநீர் உள்ளே வடியாமல் காடியும் வெட்டியிருக்கிறார்கள். மதுரைக் குன்றுகளின் பழைய செயற்கைச் சேர்மானம் படியுமல்ல, கம்பியுமல்ல, படுக்கை வசதி.

அழகர்மலைக் குகையில் கொடையாளர் பட்டியலே இருக்கிறது. உப்பு வணிகர், கொழு வணிகர், வெல்ல வணிகர், பொற்கொல்லர். இன்றைக்குக் கல் பெஞ்சில் 'உபயம்' என்று கடைப் பெயரைப் பொறித்துவிட்டார்களே என்று வருந்துவோர் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு வருந்தலாம். சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள் உள்ளன. சமணத் துறவி அச்சணந்தியின் தாய் குணமதியாரும் அவர்களுள் ஒருவர். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அப்பெயர் நிற்கிறது. அதே மலையில் கரிக்கட்டையால் இதயம் வரைந்து இரண்டு பெயர் எழுதுகிறவருக்கு, 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வைத்திருக்கின்றன. சட்டம் சரிதான். ஈராயிரம் ஆண்டு முந்திப் பிறக்காதது எழுதியவரின் பிழை அல்ல என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இன்னும் பின்னே போனால் நிலைமை மோசமாகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் யானை எய்த படலம், நாகம் எய்த படலம், மாயப்பசுவை வதைத்த படலம் என்று மூன்று உண்டு. மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து அனுப்பிய யானை, பாம்பு, பசு ஆகியவை வீழ்த்தப்பட்டு முறையே யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்பது கதை. புராணத்தை ஆவணமாக ஏற்றால், கம்பி ஒருபுறம் இருக்கட்டும், மலையே செயற்கை. பாறைக் கட்சியின் மூத்த உறுப்பினரிடம் இது சொல்லப்பட்டபோது, வேள்வியில் சிமென்ட் பயன்படவில்லை என்றார். இந்த ஆய்வில் கிடைத்த ஆகச்சிறந்த மறுப்பு இதுவே.

கழித்தல்

இதுவரை பேசியதெல்லாம் மலையில் கூட்டியவை. கழித்தவை பற்றி டீக்கடையில் குரல் தாழ்ந்துவிடுகிறது. மேலூர் வட்டாரத்தில் கீழவளவைச் சுற்றிக் குன்றுகளைக் கட்டிகட்டியாக அறுத்துக் கப்பலேற்றினார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம் 2012-இல் அந்த கிரானைட் முறைகேட்டை அரசுக்கு எழுதினார். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்தது. மலை இருந்த இடத்தில் இன்று தண்ணீர் தேங்கிய செவ்வகப் பள்ளங்கள். அங்கே படி வேண்டுமா வேண்டாமா என்ற கருத்து வேறுபாடு அறவே இல்லை.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அதையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராகத் திரண்டார்கள். மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் கூட்டத்தில் படிக் கட்சியும் பாறைக் கட்சியும் அடையாளம் தெரியாமல் கலந்து நின்றதால் தரவு சேகரிக்க இயலவில்லை. ரத்தான மறு ஞாயிறே கம்பிச் சண்டை பழையபடி தொடங்கிவிட்டது. அது நலமான அறிகுறி என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சண்டை போட மலை இருக்கிறது என்று பொருள்.

இறக்கம்

மேற்கண்ட கருத்துகள் அனைத்தும் ஏறுமுன் திரட்டியவை. ஆய்வு நேர்மைக்காக இறங்கும்போதும் சரிபார்க்கப்பட்டது. சைக்கிள் கட்சியின் முதல் பிரிவு, கிடக்கிற கல்லின் மேல் கிடக்கிறபடியே ஓட்டாமல், சைக்கிளைத் தோளில் சுமந்து இறங்கியது. எழுபத்திரண்டு வயது அம்மா கம்பியைத் தொடாமல், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மகனுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். மகன் கம்பியைப் பிடித்திருந்தார். அவருக்கு நான்கு படி பின்னால் பாறைக் கட்சியின் மூத்த உறுப்பினர். அவருடைய கையும் கம்பியில்தான். பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் கம்பியை இரண்டு முறை குலுக்கிக் காட்டினார்.

"ஆடுதான்னு பாத்தேன்" என்றார். "ஆடுது. யாருகிட்டயாவது சொல்லி இறுக்கச் சொல்லணும்."