ஓ.டி.பி. அப்பா

அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய போன் நம்பர்தான் வீட்டில் எல்லாருக்கும் நம்பர். மகனின் வங்கிக் கணக்கு, மகளின் ஆதார், மனைவியின் காஸ் இணைப்பு, மாமியாரின் பென்ஷன் என்று யார் எங்கே எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மணி அடிப்பது அவர் சட்டைப் பையில்தான்.

பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் வங்கிப் படிவத்தில் 'கைபேசி எண்' என்ற கட்டத்தை அவர்தான் நிரப்பினார். அப்போது பிள்ளைகளிடம் போன் கிடையாது. அதன் பிறகு மகன் டல்லாஸுக்குப் போனான், மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஆளுக்கு இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். கட்டத்தில் இருக்கும் நம்பர் மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டுமென்றால் கிளைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். ஆதாருக்குச் சேவை மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டியிருந்தது. தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ தீபாவளி போய்விட்டது.

கணக்குக்காரருக்குத் தெரிந்தது ஒன்று, அவர் கையில் இருப்பது ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இருபடிச் சரிபார்ப்பின் சூத்திரம் இவ்வளவுதான். ஆளுக்கொரு போன் என்று நினைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் அது. இங்கே பாஸ்வேர்ட் மகளுக்குத் தெரியும். போன் அப்பாவின் கையில். 'யாரிடமும் பகிர வேண்டாம்' என்று ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸிலும் வங்கி கெஞ்ச, அதில் வரும் ஓ.டி.பி. என்ற ஒருமுறை எண்ணைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதையே அவர் உத்தியோகமாக வைத்திருக்கிறார்.

மதுரை அண்ணாநகரில் ஒரு ஓ.டி.பி. அப்பாவை எடுத்துக்கொள்வோம். கருவூலத் துறையில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு இலக்கம் என்றால் அவருக்கு அது லட்சம்.

"அப்பா, ஓ.டி.பி. வந்துச்சா?"

"இரும்மா, கண்ணாடி போட்டுக்கிறேன். ம்... நாலு லட்சத்து இருபத்தேழாயிரத்து எண்ணூத்தி முப்பத்தொன்பது."

"ஒவ்வொரு நம்பரா சொல்லுங்கப்பா!"

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மகள் 'மீண்டும் அனுப்பு' என்பதை இரண்டு முறை தட்டுவாள். இரண்டு எஸ்.எம்.எஸ். வரும், முதலில் வந்தது செல்லாது. அவர் முறைப்படி முதலில் வந்ததைத்தான் முதலில் படிப்பார். எண் பூஜ்யத்தில் தொடங்கினால் இன்னும் சிக்கல். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று முப்பது வருஷம் லெட்ஜர் எழுதிய கை, அதை விட்டுவிட்டு ஐந்து இலக்கத்தை மட்டும் சொல்லும். மூன்று முறை தப்பாகப் போட்டால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள் என்று மகள் கத்துவாள். "பூட்டட்டுமே, பணம் பத்திரமா இருக்கும்" என்பார்.

இந்த உத்தியோகத்தை அவருக்குக் கொடுத்தது ரிசர்வ் வங்கி. கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் மட்டும் போதாது, அதில் இல்லாத இன்னொரு தகவலும் வேண்டும் என்ற விதி இணையப் பரிவர்த்தனைகளுக்கு 2009 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் அதற்குத் தனி பாஸ்வேர்ட் இருந்தது. எல்லாரும் அதை மறந்தார்கள்; நாளடைவில் எஸ்.எம்.எஸ். அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் பல கடைகளில் கார்டு எண்ணைத் தட்டினாலே பணம் போய்விடுகிறது. டல்லாஸ் மகன் அங்கே ஒரு தொந்தரவும் இல்லாமல் வாங்கித் தள்ளுகிறான். மதுரை வீட்டுக்கு வரி கட்ட உட்கார்ந்தால்தான் அவனுக்கு அப்பா ஞாபகம் வரும். அங்கே மதியம், இங்கே நள்ளிரவு.

அப்பாவின் பதவிக்கு வந்த சோதனைகளும் உண்டு. 2014இல் ஊபர் டாக்ஸி நிறுவனம் வெளிநாட்டு வழியாகக் கார்டில் பணம் எடுத்து, ஓ.டி.பி. இல்லாமலே காரியத்தை நடத்திக்கொண்டிருந்தது. உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் புகார் சொன்னார்கள். ரிசர்வ் வங்கி அந்த வழியை அடைத்து அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. 2021 மார்ச் 8 அன்று நடந்தது வேறு கதை. பதிவு செய்யாத வாசகங்களோடு வரும் வணிக எஸ்.எம்.எஸ்.களைத் தடுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாடு அன்று முழுமூச்சாக நடைமுறைக்கு வந்ததில், வங்கிகளின் ஓ.டி.பி.களும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. அறுபதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசிப் பதிவு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது; அதற்கும் ஓ.டி.பி. வேண்டும். அவர் போனை அணைத்துப் போட்டார், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார், மாடிக்குப் போய் நின்று பார்த்தார். ஆணையம் அந்த ஏற்பாட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்த பிறகுதான் போன் மறுபடி பேச ஆரம்பித்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் கோயில். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதலே போன் கொண்டுபோகக் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் எல்லாவற்றிலும் அந்தத் தடையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை காலை அவர் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கியதும் குடும்பத்தின் வரவு செலவு அத்தனையும் நின்றுபோகிறது. 2025 ஜூலை 15 முதல் இணையத்தில் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதார் ஓ.டி.பி. கட்டாயம். தூங்கும் வசதிப் பெட்டிக்கு முன்பதிவு தொடங்குவது பதினோரு மணி. மகள் சென்னையில் பெயர், வயது, பெர்த் எல்லாம் தட்டி முடித்துக் காத்திருக்கிறாள். வீட்டு வாசலில் சிலிண்டரை இறக்கி வைத்தவர் "நம்பர் சொல்லுங்கம்மா" என்று நிற்கிறார். இரண்டு நம்பரும் பத்திரமாக வந்து சேர்ந்து, கோயில் வாசலில் ஓர் இரும்பு அலமாரிக்குள் கிடக்கின்றன. அவரோ பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து, எந்த வாரமும் இல்லாத நிம்மதியோடு புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கு வந்தபோது அப்பாவின் போனில் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் போட்டுக் கொடுத்தான். எஸ்.எம்.எஸ். தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, முப்பது வினாடிக்கு ஒருமுறை புது எண் தானாக வரும். அப்பா மூன்று நாள் பார்த்தார். "படிச்சு முடிக்கிறதுக்குள்ள மாத்துறான், இது அரசாங்கத்தைவிட மோசம்" என்று மூடி வைத்தார். அவசரத்துக்கு என்று கூகுள் கொடுக்கும் பத்து மாற்றுக் குறியீடுகளை மகன் அச்செடுத்துத் தந்தான். அவற்றை லேமினேட் செய்து, வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

கூகுள் 2021 இறுதிக்குள் பதினைந்து கோடிப் பேரின் கணக்குகளில் இருபடிச் சரிபார்ப்பைத் தானே இயக்கிவிடப் போவதாக அறிவித்திருந்தது. அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். பேரன் எங்கோ ஒரு டிவியில் தாத்தாவின் கணக்கைப் போட்டால், 'உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?' என்று போன் கேட்கும். கேட்டது யார், எங்கிருந்து என்று இவர் பார்ப்பதில்லை. கேட்டால் மரியாதைக்காக 'ஆம்' என்று தட்டிவிடுவார். சிரிக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர் செய்த வேலையும் இதுதான். அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவரின் போனுக்கு இதே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். ஒருமுறை அவர் 'ஆம்' என்று தட்டிவிட்டார். கணினி நிறுவனங்களிலேயே நடக்கிறபோது கருவூலத்துக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் பணம் என்று வந்தால் இதே மனிதர் வேறு ஆள். வங்கியின் எஸ்.எம்.எஸ்.ஸில் எண்ணோடு தொகையும் கடையின் பெயரும் இருக்கும் அல்லவா? எண்ணைச் சொல்வதற்கு முன் அவர் அந்த இரண்டையும் படிப்பார்.

"எண்ணூத்தி நாப்பது ரூபாயா? என்னது இது?"

"பிரியாணிப்பா."

"ஒரு பிரியாணிக்கா? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைம்மா."

வங்கி போட்டது இரண்டு படி. மூன்றாவது படி இவருடைய ஒப்புதல். மகளின் சம்பளம், மகளின் கார்டு, மகளின் பசி; ஆனால் பில் பாஸாக வேண்டியது அண்ணாநகரில். ஆட்சேபணை இருந்தால் 'சிக்னல் சரியில்ல' என்று ஒரு நிமிஷம் இழுப்பார். காலாவதியாகிவிடும்.

இந்தக் குணத்தால் ஒரு நன்மையும் உண்டு. கே.ஒய்.சி. முடியப்போகிறது, நம்பரைச் சொல்லுங்கள் என்று இந்தி கலந்து பேசும் பேர்வழிகளிடம் இவர் ஏமாறியதே இல்லை. எந்தக் கிளை, மேனேஜர் பேர் என்ன, கடிதம் ஏன் அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் தேதி என்ன என்று தணிக்கைக் குறிப்பு எழுதும் தொனியில் இவர் கேட்கக் கேட்க, எதிர்முனைதான் முதலில் போனை வைக்கும். வாடிக்கையாளரே ஓ.டி.பி.யைச் சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான் என்று ரிசர்வ் வங்கி 2017இல் விட்ட சுற்றறிக்கையின் நகல் அவருடைய ஃபைலில் இருக்கிறது. மகளுக்குத் தினமும் சொல்வது இந்தக் கணக்கில் வருமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

எஸ்.எம்.எஸ். ஒன்றையே நம்பியிருக்காமல் கைரேகை போன்ற வேறு வழிகளுக்கும் இடம் கொடுக்கும் புது விதிகளை 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அமலுக்கு வருவதற்குக் குறித்த தேதி 2026 ஏப்ரல் 1. மகன் வீடியோவில் வந்து பொறுமையாக விளக்கினான். இனிமேல் அவரவர் போனில் அவரவர் விரலை வைத்தால் போதும் என்கிற காலம் வரும். நடு ராத்திரியில் அப்பாவை எழுப்ப வேண்டாம். அடுத்த முறை வரும்போது எல்லாருடைய நம்பரையும் மாற்றிவிடலாம்.

அப்பா முழுவதும் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு. "விரல் வச்சா, எந்தக் கடை, எவ்வளவுங்கிற மெசேஜ் யாருக்கு வரும்?"

"அவங்கவங்களுக்குத்தான்ப்பா."

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸப் குழுவில் அவரிடமிருந்து ஒரு ஃபார்வர்டு வந்தது. கைரேகையைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்று நான்கு நிமிஷ வீடியோ.