முன்மாதிரிச் சிரஞ்சீவி

ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் வைத்தியத்துக்கோ என்ஜினீயரிங்குக்கோ, இரண்டும் வாய்க்காத பட்சத்தில் பாங்குப் பரீட்சைக்கோ படித்து வந்தார்கள் என்பதும், அந்தப் படிப்பு இன்னதென்று உறவினருக்கு எடுத்துச் சொல்ல ஒரே வார்த்தை போதுமானதாயிருந்தது என்பதும் வாசகர்கள் அறிந்த விஷயம். இப்போது டிசைன் படிக்கும் சிரஞ்சீவி என்ற புதிய ரகம் ஒன்று குடும்பங்களில் தலையெடுத்திருக்கிறது. கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர் எவராவது, "தம்பி என்ன படிக்குது?" என்று விசாரித்துவிட்டால் இவன் முகத்தில் ஒரு சோர்வு படரும். "டிசைன்" என்பான். புடவைக் கரையா என்பார் ஒருவர். "அப்போ நம்ம பேத்தி காதுகுத்துக்கு ஒரு பத்திரிகை போட்டுக் குடுத்துடுப்பா" என்று காரியத்தில் கண்ணாயிருப்பார் இன்னொருவர். மனிதர்கள் ஃபோனையும் அதிலுள்ள விளையாட்டுக்களையும் எப்படித் தொட்டுப் புழங்குகிறார்கள் என்று கூர்ந்து பார்த்து, அதற்கிசைய அவற்றை அமைப்பதே தன் படிப்பு என்று அவன் விஸ்தாரமாகச் சொல்லி முடிப்பதற்குள் இலை போட்டுவிடுவார்கள்.

அவனுடைய சாஸ்திரத்துக்குப் பூர்விகம் இல்லாமலில்லை. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958-ல் இந்திய சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தபோது, இந்த நாட்டில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களிலெல்லாம் தலைசிறந்ததென்று நம் வீட்டுச் சொம்பைப் போற்றி, அது எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், கைக்கும் இடுப்புக்கும் எப்படிப் பொருந்தவேண்டும், ஊற்றுவதற்கும் கழுவுவதற்கும் எப்படி வசதிப்படவேண்டும் என்பதையெல்லாம் ஆராயப் புகுந்தார்கள். அந்த அறிக்கையின் வழிவந்ததுதான் 1961-ல் ஆமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனம். தஞ்சாவூரில் எங்கள் தம்பி வீட்டுச் சிரஞ்சீவி, தான் வேறோர் ஊரில் வேறொரு கல்லூரியில் படிப்பவனாயினும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இந்தச் சரித்திரத்தைச் சமையலறை வாசலில் நின்று சொல்லத் தவறுவதில்லை. அவனுடைய சித்தி ஒருநாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு விளக்கறியே, அந்தச் சொம்பையும் கொஞ்சம் விளக்கிடு" என்று ஒரு கொட்டை புளியை அவன் கையில் வைத்தாள்.

முன்மாதிரி செய்வது என்பது இந்த ரகத்தாரின் நித்திய கர்மம். கடைசியில் செய்யப்போகும் பொருளை உடனே செய்துவிடாமல், அதைப் போன்ற பொய்ப் பொருள் ஒன்றைச் சொற்பச் செலவில் செய்து, அதைப் பிறர் கையில் கொடுத்துக் கெடுக்கச் சொல்லி, கெட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடியும் செய்வதற்கு அந்தப் பெயர். ஆகையால் அவன் வந்திறங்கிய மறுநாளே வீட்டில் செருப்புப் பெட்டிகள் மாயமாகும். பட்டுப்புடவை வந்த அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் காணாமற்போகும். பீரோவின் கண்ணாடியில் தலை சீவிக்கொள்ள இடமின்றி மஞ்சள் சீட்டுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சீட்டுக்களின் பிறப்பும் அவனுடைய மதத்துக்கு ஏற்றதுதான். பலமான பசை தேடிய ஸ்பென்ஸர் ஸில்வர் என்ற ரசாயன நிபுணரின் கையில் 1968-ல் ஒட்டியும் ஒட்டாமலுமான ஒரு பசை வந்து சேர, அது பயன் இன்னதென்று புரியாமல் நெடுநாள் கிடந்து, 1980-ல்தான் சீட்டாக அமெரிக்கக் கடைகளுக்குப் பரவலாக வந்தது. தோல்வியிலிருந்து பிறந்த வஸ்து என்பதனால் சிரஞ்சீவி அதனிடம் விசேஷ பக்தி பாராட்டுகிறான்.

அட்டையை வெட்டிச் செவ்வகமாக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நடுநடுவே அதை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதும் அவனுடைய அனுஷ்டானங்களில் ஒன்று. கேட்டால் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவரை மேற்கோள் காட்டுவான். பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996-ல் விற்பனைக்கு வருவதற்குமுன், ஹாக்கின்ஸ் அதே அளவுள்ள மரத்துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து, யாரேனும் சந்திக்க நேரம் கேட்டால் அதை எடுத்து ஒரு குச்சியால் எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். இதைக் கேட்ட சிரஞ்சீவியின் தாயார், "அவருக்கு வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்று கவலையோடு விசாரித்தாள்.

ஆனால் இந்த ரகத்தாரின் முழு மகிமையையும் காணவேண்டுமானால், அவர்கள் பரீட்சை நடத்தும் வேளையில் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். எங்கள் சிரஞ்சீவி அந்த விடுமுறைக்கு எடுத்துக்கொண்ட காரியம், நம்முடைய ஆடுபுலி ஆட்டத்தை ஃபோனில் ஆடும்படி அமைப்பது. காகிதத்திலேயே ஃபோனின் ஒவ்வொரு திரையையும் வரைந்து அடுக்கிவைத்துவிட்டான். விளையாடுபவர் காகிதத்தைத் தொட்டவுடன் அடுத்த காகிதத்தை எடுத்து வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமல்லவா? அந்த ஸ்தானத்துக்கு ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கையை நியமித்தான். யந்திரம் செய்யவேண்டியதை மனிதர் மறைவிலிருந்து செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு, திரைக்குப் பின்னாலிருந்து எல்லாரையும் ஏய்த்த மந்திரவாதி ஒருவன் கதையை வைத்து, 'ஓஸ் மந்திரவாதி முறை' என்று அவர்கள் பரிபாஷையில் பெயர். ஓஸ் தேசத்து மந்திரவாதிக்கு ஒரு திரையாவது இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் தலையைப் பின்னிக்கொண்டே எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

முதல் பரீட்சைக்குச் சித்தி வந்து அமர்ந்தாள். காகிதத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நேரே கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஏண்டி, இதுல நான் எதைத் தொடணும்?" என்றாள்.

"அதோ அந்த மூலையில இருக்கே சித்தி, அது" என்றது கம்ப்யூட்டர்.

"கம்ப்யூட்டர் பேசக்கூடாது!" என்று கத்தினான் சிரஞ்சீவி.

"அப்ப நீயே பண்ணிக்கோ. எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது கம்ப்யூட்டர். சரித்திரத்தில் எத்தனையோ யந்திரங்கள் பழுதுபட்டிருக்கின்றன. பாதி ஆட்டத்தில் முறுக்குத் தின்னப் போன யந்திரம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பரீட்சை நடத்துபவனுக்கு விதிக்கப்பட்ட தர்மம் மௌனம். எதிரே இருப்பவர் தவறான இடத்தைத் தொட்டுத் தொட்டுத் திண்டாடும்போது உதவிக்குப் போகாமல், முகத்தில் சலனம் காட்டாமல், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கவேண்டும். நம்முடைய தேசத்தில் இது எத்தகைய கடுந்தவம் என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ரயில் நிலையத்து டிக்கெட் யந்திரத்தின் முன் ஒருவர் ஒரு கணம் தயங்கினால், பின்னாலிருந்து மூன்று கைகள் அவர் தோளுக்கு மேலாக நீண்டு மூன்று வெவ்வேறு பொத்தான்களை அழுத்துவது நம் வழக்கம். பிறர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்பது நம்மிடம் அறவே கிடையாத குணம். ஆகவே சித்தி திணறிய சமயத்தில் கூடத்திலும் திண்ணையிலும் இருந்த சகலரும் சூழ்ந்து நின்று, "மேலே தொடு", "இல்லை, இழுக்கணும்" என்று உபதேசம் செய்யலானார்கள். சிரஞ்சீவி ஒருவன் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஆராய்ச்சி நாசமாவதைக் கண்ணீர் விடாமல் பார்த்திருந்தான்.

இதைக் காட்டிலும் அவனை வதைப்பது நம்மவர்களுடைய மரியாதை. அரை மணி நேரம் அவதிப்பட்டு, ஓர் ஆட்டைக்கூட நகர்த்தாமல் எழுந்த சித்தி, "ரொம்ப நல்லாயிருக்குப்பா. எனக்குத்தான் இதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டானல்ட் நார்மன் என்ற அறிஞர் 1988-ல் வெளியிட்ட ஒரு நூல் இந்த ரகத்தாருக்கு வேதம். கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று புரியாமல் நிற்பவன்மேல் பிழையில்லை, பிழை கதவின்மேலேயே என்பது அதன் சாரம். அப்படியிருக்க, அத்தனை குற்றத்தையும் தன் தலையில் சுமந்துகொண்டு, கதவுக்கு நற்சாட்சிப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை வைத்துக்கொண்டு அவன் எந்தக் குறையைக் கண்டுபிடிப்பான்? சித்தி போனபின் அவன் நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். 'மேலும் ஒரு பாராட்டு' என்று மனம் நொந்து எழுதியிருந்தான்.

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று யாக்கோப் நீல்ஸன் 2000-ல் எழுதியிருப்பதை நம்பி, அவன் ஐவரைத் தேடிப் புறப்பட்டான். இஸ்திரி போடுபவர் கையில் சூடான பெட்டியோடு வந்து நின்றபடியே ஆடி, எவரையும்விட விரைவில் ஜெயித்தார். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், விளையாட்டைத் தொடுவதற்கு முன்பே விதிமுறைகளை எழுத்து மூலமாகக் கோரினார். மறுநாள் காலையில் முழுத்தாளில் இருபுறமும், 'மேற்படி விளையாட்டைப் பற்றிய அபிப்பிராயங்கள்' என்ற தலைப்பில் அவருடைய அறிக்கை வந்து சேர்ந்தது. புலியின் மீசை தமக்கு மேலதிகாரியாயிருந்த ஒருவரை ஞாபகப்படுத்துவதால் அதை மாற்றவேண்டும் என்பதும், ஆடுகளுக்கு வரிசை எண் கொடுத்தால் தணிக்கைக்கு உதவும் என்பதும் அதில் முக்கியமானவை.

நடுவில் பழங்களின் காலம் ஒன்று வந்தது. மேக்கி மேக்கி என்று ஒரு சிறு பலகை உண்டு, அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் இருவர் 2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளியிட்டது. அதன் கம்பிகளைப் பழத்தில் செருகி, ஒரு கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பழத்தைத் தொட்டால், உடம்பின் வழியே சுற்று பூர்த்தியாகி, விசை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். மூன்று புலிகளுக்கு மூன்று எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு அவன் பாட்டியை அழைத்தான்.

"கரண்டு பாயுமாடா?" என்றாள் பாட்டி.

"பாயும் பாட்டி. ஆனா தெரியாது."

பாட்டி அன்று ஆட வரவில்லை. மூன்று புலிகளும் மாலையில் ரசத்தில் கலந்துவிட்டன.

பிறகு அந்த மூதாட்டி ஆட வந்ததுதான் இந்தக் கதையில் முக்கியமான கட்டம். அதற்குள் விளையாட்டு உண்மையான ஃபோனில் ஏறியிருந்தது. ஆடுபுலி ஆட்டத்துக்கு இருபத்து மூன்று சந்திகள், பதினைந்து ஆடுகள், மூன்று புலிகள். விரல் தொடும் இடம் இன்ன அளவுக்குக் குறையக்கூடாதென்று ஆப்பிள் நாற்பத்து நான்கு புள்ளிகளும் கூகுள் நாற்பத்தெட்டும் விதித்திருக்க, இருபத்து மூன்று சந்திகளையும் அந்தச் சின்னத் திரையில் அடைத்ததில் உச்சியிலுள்ள சந்திகள் ஒன்றையொன்று நெருக்கின. எண்பது வயது விரலின் வறண்ட தோலைக் கண்ணாடியும் லேசில் மதிப்பதில்லை. பாட்டி நாலைந்து தடவை குத்திப் பார்த்தாள். "ஆட்டைத் தொட்டா புலி நகருது. புலியைத் தொட்டா ஒண்ணுமே நகரல. இது என்னடா நியாயம்?" என்றாள். சிரஞ்சீவியின் முகம் மலர்ந்தது. வந்தநாள் முதல் அவன் காத்திருந்த வாக்கியம் அது.

அதோடு நில்லாமல் பாட்டி சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தரையில் ஒரு கூம்பும் குறுக்குக் கோடுகளுமாக நொடியில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கூழாங்கற்களைப் புலிகளாகவும் வைத்து, "வா, ஆடு" என்றாள். அவன் ஆடித் தோற்றான். எல்லா ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது என்ற விதியை அவன் தளர்த்தி எழுதியிருந்ததும் அப்போது வெளிப்பட்டது.

கல்லூரியில் ஜூரி என்று ஒரு சபை கூடுமாம். அங்கே அவன் ஃபிக்மா என்ற கருவியில் கட்டிய பளபளப்பான மாதிரி ஒன்றைக் காட்டினான். அத்தகைய மாதிரியில் இணைத்து வைத்த இடங்களுக்கு மட்டுமே உயிர் உண்டு. வேறெங்கு தொட்டாலும், உயிருள்ள இடங்கள் நீல நிறத்தில் கணநேரம் மின்னித் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். இணைக்காமல் விட்ட ஒரே பொத்தானை மூத்த ஆசிரியர் குறி தவறாமல் தொட்டார். மின்னல் அடங்கியபின், "தரையில் சுண்ணாம்பால் ஆடக்கூடியதற்கு ஃபோன் எதற்கு?" என்று கேட்டார். சிரஞ்சீவி பதில் சொல்ல முடியாமல் ஊருக்குத் திரும்பி வந்தான்.

பதில் பாட்டியிடம் இருந்தது. அதை அவன் கேட்டு வாங்கவில்லை, கற்றுக்கொண்ட மௌனத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அவளாகவே ஃபோனைப் புரட்டிப் பார்த்தபடி, "இதுல பெங்களூர்ல இருக்கிற உன் அத்தையோட ஆட முடியுமா? சின்ன வயசுல அவதான் எனக்குச் சரியான ஜோடி" என்றாள். அன்றிரவே பீரோக் கண்ணாடியிலிருந்த மஞ்சள் சீட்டுக்களெல்லாம் உரிக்கப்பட்டுப் புதியவை ஏறின. இப்போது அவன் வெட்டிக்கொண்டிருப்பது பெரிய பலகை போன்ற திரைக்கான அட்டை. அதில் கட்டங்கள் தாராளமாக இருக்கின்றன. அத்தை தொடுவதற்கு ஓர் அட்டை, பாட்டி தொடுவதற்கு ஓர் அட்டை. கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்குத் தங்கை கூலியை உயர்த்திக் கேட்டிருப்பதாகக் கேள்வி.

இத்தகைய சிரஞ்சீவி ஒருவன் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், அல்லது அட்டையும் பென்சிலுமாக என்றேனும் உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். வந்தால் கால்மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள், கண்டபடி தொடுங்கள், புரியாவிட்டால் புரியவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள், வேண்டுமானால் திட்டுங்கள். தயவுசெய்து, நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.