அப்பத்தா பூசியதும் மருமகள் பூசுவதும்

எங்களுக்குச் சொறிசிரங்கு வந்த காலத்தில் அப்பத்தாவிடம் ஆதாரம் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அம்மியில் அரைபடும். சொறிகிறவன், சொறியாதவன் என்ற பாகுபாடின்றி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் முற்றத்தில் நிறுத்தப்படுவோம். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பூச்சு. "எனக்குத்தான் அரிப்பே இல்லையே, அப்பத்தா" என்றால், "நாளைக்கு வரும்டா, நில்லு" என்பாள். அதற்குள் துணியெல்லாம் அண்டாவில் கொதிக்கும், பாய் வெயிலில் கிடக்கும். அரிப்பு போய்விடும். புகழ் முழுக்க வேப்பிலைக்கு.

இன்று தோல் மருத்துவர் எழுதித் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. கூடவே அவர் சொல்வது: அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பூசுங்கள், துணிகளை வெந்நீரில் துவையுங்கள். அதற்கு அவர் கட்டணம் வாங்குகிறார்.

அந்த அரைப்புக்கும் ஆராய்ச்சி உண்டு. வேப்பிலை-மஞ்சள் விழுதை 814 சிரங்கு நோயாளிகளுக்குப் பூசியதில் 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாளில் குணமானதாக 1992-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அப்பத்தா கேட்டிருந்தால் மீதி 3 சதவீதத்தினர் ஒழுங்காகப் பூசாதவர்கள் என்று தீர்த்திருப்பாள். ஆனால் அது முன்னோட்ட ஆய்வு. வேறு மருந்து பூசி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. குணப்படுத்தியதில் இலையின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

என் மருமகள் பூசுவது மஞ்சள் சீரம். அதன் விலைக்கு அப்பத்தா மூட்டை மஞ்சள் வாங்கியிருப்பாள். அன்று தலையணையில் ஒட்டிய மஞ்சள்தான் மருந்துக்குச் சாட்சி. இன்று ‘கறை படியாது’ என்பதுதான் விளம்பரம்.

"ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க, மாமா."

"எந்த ஆராய்ச்சிம்மா?"

பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில், பயன்படுத்தியவர்களின் கருத்து என்று இருந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்னதை அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மஞ்சளும் சருமமும் பற்றி 2016-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று 234 கட்டுரைகளை அலசியது. தேறியவை 18. அவற்றில் 10-இல் குறிப்பிடத்தக்க பலன். விளம்பரக்காரருக்கு அந்தப் பத்து போதும். முகப்பரு, சோரியாசிஸ், கதிர்வீச்சுப் புண் என்று நோய்கள் வெவ்வேறு. அந்த 18-இல் பாதி, மஞ்சளை உண்ணக் கொடுத்துப் பார்த்தவை, தோலில் பூசவே இல்லை. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளைப் பற்றி இன்னும் கடுமையாக எழுதினார்கள்: அது நிலையற்றது, சோதனைக்குழாயில் எந்த வழக்குக்கும் கூண்டேறும் பொய்ச்சாட்சி.

வெளிச்சம் பட்டாலும் குர்குமின் சிதையும். மருமகளின் சீரம் வந்திருப்பது பளிச்சென்ற கண்ணாடிக் குப்பியில். ஆய்வை எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, யார் பணத்தில் செய்தார்கள் என்றெல்லாம் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள், வாங்கும்முன் குப்பியையாவது பாருங்கள்.